கிழிக்க வேண்டாத காலண்டர்

விஜயபுரம் மண்டலம் இருப்பது ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில். எல்லை தாண்டினால் தமிழ்நாட்டின் திருத்தணி. இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் சுவரில் தொங்குவது தமிழ் தினசரி காலண்டர். பிள்ளைகள் படிப்பதோ ஆந்திரப் பள்ளியில். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். அதை நம்பி இங்கே பிள்ளையை வீட்டில் நிறுத்த முடியாது. சங்கராந்திக்கு நிலைமை தலைகீழ்: இங்கே விடுமுறை நீளம், அங்கே குறைவு.

ஆகவே பள்ளி சொல்லும் தேதியைத்தான் பார்க்க வேண்டும். அந்தச் செய்திகள் இப்போது வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. 2024 டிசம்பர் 7 அன்று ஆந்திர அரசுப் பள்ளிகளெங்கும் பெற்றோர் - ஆசிரியர் பெருங்கூட்டம் நடந்தது. அப்படியொரு தேதி காலையில் குழுவுக்கு வந்தால், மாலைக்குள் பூப்படம் போட்ட ‘காலை வணக்கம்’களுக்கு அடியில் புதைந்துவிடும். தேதி மாறினால் இன்னும் மோசம்; பழைய செய்தியும் அழியாமல் கிடக்கும்.

2006-இல் வந்த கூகுள் காலண்டர் இதற்கு எளிய மருந்து. பள்ளி ஒரு பொது நாட்காட்டி தொடங்கி, அதன் இணைப்பைப் பெற்றோருக்குக் கொடுத்தால் போதும். தலைமையாசிரியர் ஓரிடத்தில் திருத்தினால், அதைச் சேர்த்துக்கொண்ட எல்லார் கைப்பேசியிலும் தேதி மாறிவிடும். காசு கிடையாது. தேர்வு, விடுமுறை, கூட்டம் இவற்றை மட்டும் தமிழிலும் தெலுங்கிலும் போடட்டும். மாணவர் பெயர், மதிப்பெண் எதுவும் அதில் வேண்டாம்.

ஆனால் கைப்பேசி அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் வீடுகள் உண்டு. ஆகவே தேதிகள் எழுதும் பள்ளி வாசல் கரும்பலகையை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.