குதிகால் எழும்பாத பூட்ஸ்

சகோதரிகளே, உங்களில் சிலர் இந்தக் குளிர்காலத்தில் குல்மார்க் போகத் திட்டமிட்டிருக்கலாம். அல்லது அயல்நாட்டிலிருக்கும் மகள், “ஸ்நோபோர்டு பழகுகிறேன், அம்மா. பூட்ஸ்தான் காலைக் கொல்கிறது” என்று டெலிபோனில் சொல்லியிருக்கலாம். பலகையைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் பூட்ஸைக் கடைசியில் அவசரமாக வாங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

1965-ஆம் வருஷக் கிறிஸ்துமஸ் தினத்தன்று, அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்து ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் பெண் குழந்தைகள் விளையாட இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்துக் கொடுத்தார். அதற்கு ‘ஸ்னர்ஃபர்’ என்று பெயர் சூட்டியவர் அவர் மனைவி நான்ஸி. (பெயர் வைக்கும் பொறுப்பு அங்கேயும் நமக்குத்தான் போலிருக்கிறது!) அதில் காலைக் கட்டும் வழக்கமில்லை, பிடித்துக்கொள்ள நுனியில் ஒரு கயிறு, அவ்வளவுதான். 1998-இல் நாகானோ ஒலிம்பிக்கில் ஸ்நோபோர்டு இடம் பெற்ற காலத்திலோ, பூட்ஸ் பலகையோடு இறுகப் பூட்டப்பட்டிருந்தது. கால் நினைப்பதைப் பலகைக்குச் சொல்லும் தூது அந்தப் பூட்ஸ்தான்.

விரல் பக்கமாகச் சாய்ந்து திரும்பும்போது கெண்டைக்கால் தசை குதிகாலை மேலே இழுக்கிறது. பூட்ஸ் தொளதொளவென்றிருந்தால், அது பலகையிலேயே நிற்க, உள்ளே குதிகால் மட்டும் எழும்பும். பலகை தாமதமாகத் திரும்பும். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் விரல்களைச் சுருட்டி அடித்தளத்தைப் பற்றிக்கொள்வோம்; பாதம் கடுக்கும்; குதிகாலில் கொப்புளம் கிளம்பும். உடனே கயிற்றைப் பலங்கொண்ட மட்டும் இறுக்குவார்கள். அப்போது ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் மரத்துப்போகும். உறைபனியில் மரத்த விரல்களை அலட்சியம் செய்யவே கூடாது.

ஆகவே அளவு சரியாக இருக்கட்டும். சாயங்காலத்தில் குதிகாலைச் சுவரோடு ஒட்டி நின்று, மிக நீண்ட விரலின் நுனி வரை சென்டிமீட்டரில் அளந்து கொள்ளுங்கள். இரு கால்களில் பெரியதே கணக்கு. நேராக நிற்கையில் விரல் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும்; முழங்காலை மடக்கினால் சற்றுப் பின்வாங்க வேண்டும். “வளர்கிற பிள்ளை, இரண்டு நம்பர் பெரிதாகவே கொடுங்கள்” என்று கேட்கும் நம் பழக்கம் பள்ளிக்கூடச் செருப்போடு நிற்கட்டும். உள்ளே இருக்கும் மெத்தை உறை சில நாளில் அமுங்கி இடம் விடும். புதிதில் தாராளமாக இருப்பது பின்னால் தொளதொளத்துப் போகும்.

பெண்களுக்கென்று செய்த பூட்ஸையே கேளுங்கள். நமக்குக் கெண்டைச் சதை கொஞ்சம் தாழ இறங்கியிருக்கும், குதிகாலும் ஒடுங்கியிருக்கும். அதற்குத் தக்கபடி அதைச் செய்கிறார்கள். சில கடைகளில் உள்ளுறையைச் சுடவைத்துக் காலின் வடிவத்துக்குப் படிய வைத்தும் தருவார்கள்.

போட்டுக் கொள்வதிலும் முறை உண்டு. கம்பளிக் காலுறை ஒன்றே ஒன்று போதும். இரண்டு போட்டால் மடிப்பு விழும், பருத்தியானால் வியர்வையில் நனைந்து சில்லிடும். காலை நுழைத்துக் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னுக்குத் தள்ளுங்கள். உள்ளுறையை முதலில் இறுக்குங்கள்; வெளிக்கயிறு பிறகு.

இவ்வளவும் செய்து குதிகால் எழும்புகிறதா? ஒரு மயிரிழை அசைவு தவறல்ல. அதற்கு மேலென்றால், கணுக்கால் எலும்பைச் சுற்றி வரும்படி ‘ஜே’ எழுத்து வடிவ நுரைத் துண்டுகள் விற்கிறார்கள். அவற்றை உள்ளுறையின் வெளிப்பக்கத்தில் ஒட்டுங்கள். பாத வளைவைத் தாங்கும் நல்ல உள்தட்டும் உதவும். வாடகை பூட்ஸ் பலர் கால் பட்டு அமுங்கியது; எடுக்குமுன் முன்னால் சாய்ந்து, நுனிவிரலில் எழும்பிப் பாருங்கள்.

சொந்தமாக வாங்கினால் பனிக்குப் போகுமுன் வீட்டிலேயே அரைமணி நேரம் போட்டுக்கொண்டு நடமாடுங்கள். விரல் மரத்தாலோ, ஓரிடத்தில் உறுத்தினாலோ, அழுக்குப் படுமுன் கடைக்காரரிடம் மாற்றிக் கொள்ளலாம்.