முதல் அரைமணி நேரம் நம்முடையது

2020ஆம் ஆண்டு ஊரடங்கு நம் வீடுகளில் விட்டுச் சென்ற பொருள்களில் டிஷ்வாஷரும் ஒன்று. பாத்திரம் தேய்க்க வருபவர் கேட்டைத் தாண்டி உள்ளே வர முடியாமல் இருந்த மாதங்கள் அவை. "அதெல்லாம் வெள்ளைக்காரர் தட்டுக்குத்தான் சரி, நம் குழம்புப் பாத்திரத்துக்கு ஆகுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட அப்போது ஒன்று வாங்கிப் போட்டார்கள். டில்லியிலும் நொய்டா, குருகிராம் பக்கமும் நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றின் சமையலறையில் இன்று அது நிற்கிறது. அன்று வாங்கியவற்றுக்கு வாரண்டி முடிந்துவிட்டது. ஒவ்வொன்றாக மக்கர் செய்ய ஆரம்பித்திருக்கின்றன.

இயந்திரம் நின்றுபோனால் நம்மவர்களில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் மெக்கானிக்குக்கு போன் செய்யும். இன்னொரு கட்சி, யூடியூபில் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரோடு இயந்திரத்தின் பின்பக்கம் போய் உட்காரும். இரண்டும் சரியல்ல என்பது என் கருத்து. பழுதின் முதல் அரைமணி நேரம் வீட்டிலிருப்பவர்களுடையது. அதற்கு மேல் அது தொழில் தெரிந்தவருடையது. இந்த எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் பணமும் மிச்சம், உயிருக்கும் பயமில்லை.

முதலில் இயந்திரத்தின் சூட்சுமத்தைப் பார்ப்போம். வெளிப்பார்வைக்குப் பெரிய வித்தை போலத் தோன்றினாலும் உள்ளே நடப்பது எளிய காரியம்தான். ஒரு வால்வு திறந்து தண்ணீர் உள்ளே வருகிறது. ஹீட்டர் அதைச் சுட வைக்கிறது. பம்ப் அந்தத் தண்ணீரை அழுத்தி, சுழலும் கைகளில் உள்ள சிறு துளைகள் வழியாகப் பாத்திரங்கள் மேல் பீச்சி அடிக்கிறது. அடித்த தண்ணீர் கீழே வழிந்து, ஃபில்டரில் வடிகட்டப்பட்டு, மறுபடியும் மேலே போகிறது. கடைசியில் வேறொரு சிறிய பம்ப் அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. முழுச் சுற்றுக்கும் செலவாவது சுமார் பத்து லிட்டர்தான். ஒரே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றுவதால்தான் இந்தச் சிக்கனம். ஆகவே ஃபில்டர் அடைத்தால் எல்லாம் அடைத்த மாதிரி.

இனி, அரைமணி நேரத்தில் நாமே பார்க்கக் கூடியவை என்ன? நான்கைச் சொல்கிறேன். எதில் கை வைப்பதானாலும் முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

முதலாவது, தண்ணீர் வடியாமல் தேங்கி நிற்பது. கப்பால் மொண்டு, மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, அடியில் உள்ள ஃபில்டரைத் திருகிக் கழற்றுங்கள். நம் வீட்டு ஃபில்டரில் என்ன இருக்கும் என்று சொல்லவா வேண்டும்? கடுகு, கறிவேப்பிலைக் காம்பு, புளிச்சக்கை, முருங்கைக்காய்ச் சக்கை! ஓடும் தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். வாரம் ஒரு முறை இதைச் செய்தால் பாதிப் பழுது வராது. ஃபில்டர் சுத்தமாக இருந்தும் வடியவில்லை என்றால், பின்னால் உள்ள கழிவுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் ஃபில்டருக்குக் கீழேயே வடிகால் பம்பின் சிறு மூடி இருக்கும். கையேடு அனுமதித்தால் அதையும் எடுத்துப் பார்க்கலாம். கண்ணாடித் துண்டு கிடக்கலாம் என்பதால் கையுறை அவசியம்.

இரண்டாவது, பாத்திரம் சரியாகச் சுத்தமாகாதது. சுழலும் கைகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளைகளில் சோற்றுப் பருக்கையும் உப்புக் கட்டியும் அடைத்திருந்தால் பல் குத்தும் குச்சியால் எடுத்துவிடலாம். நீளக் கரண்டி ஒன்று குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தாலும் கை சுழலாது. பாத்திரங்களை அடுக்கியதும் விரலால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கதவை மூடுவது நல்ல பழக்கம்.

மூன்றாவது, கண்ணாடி டம்ளரிலும் எவர்சில்வரிலும் வெள்ளைப் படலம். இது பழுதே அல்ல. நம் தண்ணீரின் குணம். துவாரகா, குருகிராம் பகுதிகளில் நிலத்தடி நீரும் லாரித் தண்ணீரும் எவ்வளவு கடினம் என்பதை அங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ள இயந்திரத்துக்குள் ரெசின் மணிகள் உண்டு. அந்த மணிகளைக் கழுவிப் புதுப்பிக்கத்தான் உப்பு. உப்பு தீர்ந்தால் மணிகள் வேலை செய்யா. அதற்கென விற்கும் பரல் உப்பைத்தான் போட வேண்டும். சாப்பாட்டு உப்பில் அயோடினும், கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் இருப்பதால் அது கூடாது. வீட்டுத் தண்ணீரின் கடினத்துக்கு ஏற்ப இயந்திரத்தில் அளவு வைக்கும் வசதியும் இருக்கிறது. கையேட்டின் அந்தப் பக்கத்தைப் புரட்டாத வீடுகளே அதிகம்.

நான்காவது, தண்ணீரே உள்ளே வராதது. குழாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு குழாயை மூடிவிட்டு, தண்ணீர் வரும் ஹோஸைக் கழற்றினால் அதன் வாயில் ஒரு சிறு சல்லடை தெரியும். மண்ணும் துருவும் அடைத்திருந்தால் அலசிவிட்டு மாட்டுங்கள். மேல் மாடிக்காரர்களுக்கு இன்னொரு கணக்கு. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு பார் அழுத்தம் தரும். உங்கள் தலைக்கு மேலேயே டாங்க் இருந்து, மூன்று மீட்டர்தான் உயரம் என்றால், கிடைப்பது 0.3 பார். பல இயந்திரங்கள் 0.3 முதல் 0.5 பார் வரையாவது கேட்கின்றன. இங்கே குற்றம் இயந்திரத்தின் மேல் இல்லை, டாங்கின் உயரத்தில் இருக்கிறது. எத்தனை மெக்கானிக் வந்தாலும் புவியீர்ப்பை மாற்ற முடியாது.

"இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று கேட்கலாம். எங்கள் குடியிருப்பில் எழுபதைத் தாண்டிய தம்பதி ஒன்று இருக்கிறது. அவருக்கு இருதய அறுவை சிகிச்சை ஆனது. அந்த அம்மாளுக்கு விரல் மூட்டுகளில் வாதம். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். இயந்திரம் நின்றதும் ஒரு மெக்கானிக் வந்தார். ஃபில்டரைக்கூடக் கழற்றாமல் "போர்டு கராப் ஹோ கயா" என்றார். புது இயந்திரத்தின் விலையில் பாதியைக் கேட்டார். வந்து பார்த்ததற்குக் கூலியும் வாங்கிக்கொண்டு போனார். போர்டு வாங்குவதா வேண்டாமா என்று மகனோடு போனில் பேசிப் பேசியே ஒன்பது நாள் ஓடியது. அந்த ஒன்பது நாளும் அவர்கள் ஒரு வேளை சமைத்து அதையே மூன்று வேளையும் பேப்பர் தட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தபோது அந்த அம்மாளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: நிற்பதற்கு முன் ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா? "ரெண்டு நாளா தண்ணி போகும்போது கொரகொரன்னு சத்தம் வந்தது சார். அப்புறம் நின்னே போச்சு" என்றார். அவர் சொன்னதிலேயே விடை இருந்தது. வடிகால் பம்பின் சக்கரத்தில் ஒரு எலுமிச்சை விதையும், நகத்தளவு கண்ணாடிச் சில்லும் சிக்கியிருந்தன. எடுத்ததும் ஓடியது. போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இங்கே நஷ்டம் பணம் மட்டுமா? உறவுக்காரர் பக்கத்தில் இல்லாத ஊரில், வயதான இருவருக்கு அந்த இயந்திரம்தான் மூன்றாவது ஆள். அது நின்றால் அடுப்பும் பாதி நின்றுவிடுகிறது. சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவதைத் தவிர வேறு வழி தெரியாத நிலைதான் எனக்கு உறுத்தியது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சத்தத்தைக் கேட்டவர் தினமும் இயந்திரத்தை ஓட்டும் அந்த அம்மாள்தான். ஆனால் மெக்கானிக் வந்தபோது பேசியது வீட்டுக்காரர். ரயில்வேயில் என் காலத்தில் அனுபவமுள்ள பிட்டர் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, வரும் ஓசையை வைத்தே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். பழுது பார்ப்பதில் காதுக்கு முதல் இடம். அந்தக் காது நம் வீடுகளில் பெரும்பாலும் பெண்களிடம் இருக்கிறது. இந்த இயந்திரத்தின் சரித்திரமும் அதைத்தான் சொல்கிறது. தண்ணீரைப் பீச்சியடித்துக் கழுவும் டிஷ்வாஷருக்கு 1886இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஜோசபின் காக்ரேன் என்ற பெண்மணி. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய இயந்திரங்கள் ஓடின. கண்டுபிடித்தது பெண்ணாக இருக்க, ஃபில்டரைக் கழற்றுவது மட்டும் ஆண்பிள்ளை வேலை என்பது என்ன நியாயம்?

இனி அந்த எல்லைக்கோடு. பக்கவாட்டுத் தகட்டையும் அடித் தகட்டையும் ஸ்க்ரூ கழற்றித் திறக்கும் இடத்தில் நம் வேலை முடிந்துவிடுகிறது. அதற்குள்ளே ஹீட்டர், மோட்டார், போர்டு, கெபாசிட்டர் எல்லாம் இருக்கின்றன. 230 வோல்ட் கரண்டும் தண்ணீரும் ஒரே பெட்டிக்குள் வாசம் செய்கின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர் உதைக்கலாம். ரயில் பாதைக்கு மேலே ஓடும் 25,000 வோல்ட் கம்பியில், எத்தனை வருஷ அனுபவசாலியானாலும், மின்சாரம் நிறுத்தப்பட்டதை உறுதி செய்து, எர்த் கொடுத்த பிறகுதான் கை வைப்பார். அந்தக் கட்டுப்பாடு அவருக்கே இருக்கும்போது நமக்கு எவ்வளவு இருக்க வேண்டும்! இயந்திரத்தைத் தொட்டால் சுர்ரென்று அடித்தாலோ, எரிந்த வாடை வந்தாலோ, மெயினில் டிரிப் ஆனாலோ, ஆராய்ச்சி வேண்டாம். உடனே ஆளைக் கூப்பிடுங்கள். வாரண்டி உள்ளவர்களும் தகட்டைத் திறக்கக் கூடாது.

இந்தக் கோடு என் சொந்தக் கற்பனை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் 1 முதல் டிஷ்வாஷர்களுக்கு ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. கதவு ரப்பர், சுழலும் கை, வடிகால் ஃபில்டர், உள் தட்டுகள் போன்றவற்றைச் சாதாரண வீட்டுக்காரருக்கும் விற்க வேண்டும். அந்த மாடலின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்ததிலிருந்து பத்து வருஷம் வரை அவை கிடைக்க வேண்டும். மோட்டார், பம்ப், ஹீட்டர், போர்டு ஆகியவை தொழில்முறைப் பழுதுபார்ப்பவருக்கு ஏழு வருஷம் வரை. சட்டமே கோடு கிழித்துவிட்டது: கழற்றி மாட்டுவது உனக்கு, கரண்ட் அவருக்கு.

நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. நல்ல ஆரம்பம். ஆனால் உரிமை தாளில் இருந்தால் போதாது. ஐந்து வருஷ இயந்திரத்துக்குக் கதவு ரப்பர் கேட்டால் "அந்த மாடல் நின்றுபோச்சு, புதுசு வாங்குங்கள்" என்று சொல்லும் வழக்கம் ஒழிய வேண்டும். கேட்பவருக்கு அந்தப் பாகத்தின் பெயராவது தெரிந்திருந்தால்தான் அது ஒழியும்.

"இப்படி எல்லோரும் தாங்களே பார்த்துக்கொண்டால் மெக்கானிக் பிழைப்பு என்னாவது?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல மெக்கானிக்கை நான் மிகவும் மதிக்கிறவன். வெயிலிலும் பனியிலும் பை சுமந்து மாடி ஏறி வருகிறவர் அவர். கறிவேப்பிலை எடுப்பதற்கு அவர் எதற்கு? இன்னின்னதைப் பார்த்துவிட்டேன், வடிகால் பம்ப் சத்தம் போடுகிறது ஆனால் தண்ணீர் இறங்கவில்லை என்று சொல்லிக் கூப்பிட்டால் அவர் வேலையும் சுலபம். தெரிந்தவரிடம் பேசுகிறோம் என்ற எண்ணம் அவருக்கும் வரும். கூசாமல் கூலி கொடுக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு போர்டு வாங்க வேண்டாம்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காபிக்குப் பிறகு ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். ஃபில்டர் கழற்றுவது, ஹோஸ் சல்லடை பார்ப்பது, தண்ணீரின் கடினத்தைச் சோதனைத் தாளில் பார்ப்பது, பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று டெஸ்டரில் பார்ப்பது, இவ்வளவுதான் பாடம். நம்மிடையே ஓய்வு பெற்ற டெக்னிக்கல் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. எலெக்ட்ரீஷியன், மெக்கானிக் என்று நம்பிக்கையான நான்கு பேருக்கு ஒரு பட்டியலும் போட்டு வைக்கலாம். வீட்டுக்கு ஒருவர் வந்தால் போதும். அந்த ஒருவர் யார் என்று முடிவு செய்யும்போது, இயந்திரத்தின் சத்தம் யாருக்குத் தெரியும் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.