மொழிபெயர்க்க இயலாச் சொற்களும் நம் கடமையும்

ஒரு மொழியின் சொல்லைப் பிறிதொரு மொழியில் பெயர்த்து வைத்தல் எளிது. அச்சொல் ஆற்றும் பணியைப் பெயர்த்து வைத்தலே அரிது. சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் முஸ்லிம் குடும்பங்களின் அன்றாடப் பேச்சில் வழங்கும் 'இன்ஷா அல்லாஹ்', 'மாஷா அல்லாஹ்', 'பரக்கத்' முதலிய அரபுச் சொற்களை எண்ணும்போது இவ்வுண்மை நன்கு விளங்கும். ஆங்கிலத்தில் கட்டுரை வரையும் மாணவர்கள் இவற்றுக்கு அகராதியில் நிகர் தேடி இடர்ப்படுகின்றனர். தமிழில் பேசும்போதோ, பிறர் முன்னிலையில் இவற்றைச் சொல்லலாமா எனத் தயங்குவோரும் உளர். இவ்விரண்டு இடர்ப்பாடுகளையும் களைவது தமிழ் பயில்வோர் கடமை எனக் கருதுகிறோம்.

'பரக்கத்' என்பதை ஆங்கிலத்தில் 'பிளஸ்ஸிங்' என்பர். ஆசி என்னும் அளவில் அது பொருந்தும். ஆயின், நால்வருக்கு ஆக்கிய சோறு, சொல்லாமல் வந்த விருந்தினர் இருவருக்கும் போதுமானதாக அமைந்துவிட்டால், "சோற்றில் பரக்கத் இருந்தது" என்பார் நம் இல்லத்து மூதாட்டியார். பொருள் மிகவில்லை, எனினும் போதாமை நேரவில்லை. சிறிய அளவில் பெரிய நிறைவு காணும் அந்நிலையை ஆங்கிலச் சொல் சுட்டவில்லை. அவ்வாறே, பிறர் குழந்தையைக் கண்டு 'மாஷா அல்லாஹ்' என்பவர், 'இறைவன் நாடியது' என்னும் நேர்ப்பொருளை மட்டுமா உரைக்கிறார்? பாராட்டும், கண்ணேறு படலாகாதே என்னும் கரிசனமும், எமக்கு இதில் பொறாமை இல்லை என்னும் உறுதியும் அதில் ஒருங்கே உள்ளன. கண்ணேறு கழிக்கும் தமிழ்த்தாய்க்கு இது எளிதில் விளங்கும். ஆங்கில அகராதிக்கு எளிதில் விளங்காது.

சிரியா, லெபனான், எகிப்து முதலிய நாட்டவர், நீராடியோ முடி திருத்தியோ வருபவரை 'நயீமன்' என்று வாழ்த்துவர். அவ்வேளையில் வாழ்த்தும் வழக்கமே ஆங்கிலேயரிடம் இல்லாதபோது, அதற்குரிய சொல் மட்டும் எங்கிருந்து வரும்? வழக்கம் இல்லாத இடத்தில் சொல்லும் இல்லை என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

இஃது அரபு மொழிக்கு மட்டும் உரிய இயல்பன்று. விடைபெறும் தமிழர் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'போய் வருகிறேன்' என்பர். இதனைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் வைத்தால் கேட்பவர் திகைப்பர். மங்கலமல்லாததை மங்கலமாகக் கூறும் வழக்கை நன்னூலார் தகுதி வழக்கினுள் அடக்கி இலக்கணமே வகுத்துள்ளார். ஆகவே, சொல்லுக்குள் நல்லெண்ணத்தைப் பொதிந்து வைக்கும் முறை தமிழ்ச் செவிக்குப் புதிதன்று.

நம் முன்னோர் எல்லாவற்றையும் அரபியிலேயே வைத்துக்கொண்டனர் என்று எண்ணுதலும் தவறு. 'ஸலாத்' என்பதைத் தொழுகை என்றனர். 'ஸவ்ம்' என்பதை நோன்பு என்றனர். 'மஸ்ஜித்' பள்ளிவாசல் ஆயிற்று. சேலத்தில் உருது பேசும் இல்லங்களில் 'நமாஸ்', 'ரோஜா' என்னும் பாரசீகச் சொற்கள் வழங்க, தமிழ் பேசும் இல்லங்களில் தொழுகையும் நோன்பும் வழங்குகின்றன. எனினும் 'இன்ஷா அல்லாஹ்' இரு இல்லங்களுக்கும் பொது. பெயர்க்கத் தக்கதைப் பெயர்த்து, பெயர்த்தால் பயன் குன்றுவதை அவ்வாறே காத்த தெளிவு பாராட்டுக்குரியது.

ஆட்சித்துறையும் இதற்குச் சான்று பகர்கிறது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம், பாரமகால் பகுதிகள் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறின. அங்கு அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் உழவரிடம் நேரே வரி பெறும் முறையை வகுத்தனர். அம்முறைக்கு ஆங்கிலப் பெயர் அமையவில்லை. 'ரயத்துவாரி' என்றே வழங்கிற்று. 'ரயத்து' என்பதன் மூலம், ஆள்வோன் பொறுப்பில் விடப்பட்ட குடிகளைக் குறிக்கும் அரபுச் சொல். பாரசீகம், உருது வழியே வந்த வசூல், பாக்கி, மகசூல், தாலுகா, வாரிசு முதலியன இன்றும் நாமகிரிப்பேட்டை மஞ்சள் உழவர் நாவிலும் உலவுகின்றன. அவற்றை எவரும் அயலாகக் கருதுவதில்லை.

ஆயினும் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. 'அமானத்' என்றால் நம்பி ஒப்படைத்த பொருள்; கண்போல் காக்க வேண்டியது. அச்சொல்லே தமிழில் 'அனாமத்து' ஆகி, கேட்பாரற்றுக் கிடப்பதையும் குறிக்கலாயிற்று. காக்க வேண்டியதைக் குறித்த சொல், காப்பாரற்றதைக் குறிக்கும் சொல்லாயிற்று!

இந்நிலை 'இன்ஷா அல்லாஹ்' என்னும் சொல்லுக்கும் நேரலாகாது. 'நாளை இதனைச் செய்வேன்' என்று இறைநாட்டத்தை நினையாமல் உறுதி கூறலாகாது எனத் திருக்குர்ஆனின் 18ஆம் அத்தியாயம் 23, 24ஆம் வசனங்கள் அறிவுறுத்துகின்றன. முயற்சி முழுவதும் நம்முடையது, முடிவு இறைவனுடையது என்பதே அதன் கருத்து. ஆனால் கடைத்தெருவில் நிகழ்வது என்ன? "சரக்கு திங்களன்று வருமா?" என்று கேட்கும் வணிகர், "இன்ஷா அல்லாஹ்" என்ற விடையைக் கேட்டதும், "அப்படியானால் வராது" என்று முடிவு செய்கிறார். கடன் திருப்பும் நாளிலும் இதே கதை. உறுதியை வலுப்படுத்த வந்த சொல் தட்டிக்கழிக்கும் சொல்லாக மாறுவது, அகராதியின் குறையன்று. நம் நடத்தையின் குறை.

ஆதலால் மாணவர்களுக்கு நாம் கூறுவது இது: ஆங்கிலத்தில் எழுதுங்கால் இச்சொற்களை அவ்வாறே எழுதி, அவை வழங்கும் சூழலை ஓரிரு தொடர்களில் விளக்குங்கள். தமிழில் பேசுங்கால் தயங்காது சொல்லுங்கள். பெரியோர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே: 'இன்ஷா அல்லாஹ்' என்று நாள் குறித்தால், அந்நாளில் முன்வந்து நில்லுங்கள். அச்சொல்லுக்கு மெய்யான மொழிபெயர்ப்பு சொல்லில் இல்லை. சொன்னதைச் செய்து முடிப்பதில் இருக்கிறது. அதனைப் படிக்கப் பிற சமயத்தவரும் அகராதி தேட வேண்டியதில்லை.