இன்ட்டை லாங் ஆக்கினா போதுமா?

"இன்ட்டை லாங் லாங்கா மாத்துடா, சரியாயிடும்." லேப்ல இந்த அட்வைஸைக் கேக்காம முதல் வருஷத்தைத் தாண்டினவங்க நம்ம காலேஜ்ல யாராவது இருந்தா கை தூக்கலாம். ஃபாக்டோரியல் புரோகிராம்ல 13 கொடுத்துப் பாருங்க. பெரும்பாலும் 1,93,20,53,504 என்று வரும். சரியான விடை 6,22,70,20,800. 32 பிட்டுக்குள்ள அடங்காத 4,29,49,67,296-ஐ விட்டுட்டு, மிச்சத்தை மட்டும் கம்ப்யூட்டர் நம்ம கையில கொடுக்குது. மைனஸ்ல வந்திருந்தா கூட சந்தேகம் வரும். இது நல்ல பிள்ளை மாதிரி பாசிட்டிவ்லயே நிக்குது.

ஓவர்ஃப்ளோங்கற பேரே கொஞ்சம் ஏமாத்து வேலைதான். பால் பொங்கினா அடுப்புல தெரியும். இங்க எதுவும் வழியறதில்லை, பழைய ஸ்கூட்டர் மீட்டர் மாதிரி சுத்தி வந்து மறுபடி ஆரம்பிக்குது. லாங் லாங் போட்டா 20 வரைக்கும் தாங்கும், 21-ல அதே கதை. டைப்பை மாத்துறது ரிப்பேர் இல்லை, வாய்தா வாங்குறது. எந்த எண் வரைக்கும் இந்தக் கோடு செல்லும், அதைத் தாண்டினா என்ன செய்யணும் என்ற இரண்டு கேள்விக்கும் கோடுக்குள்ளயே பதில் இருந்தாத்தான் பிழை சரியாச்சுன்னு நான் ஒத்துக்குவேன்.

இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் 2002 ஜூன்ல நடந்தது. சர்வருக்குள்ள தூரத்துல இருந்து நுழைய உலகமே பயன்படுத்துற ஓபன்எஸ்எஸ்எச்-ல ஒரு ஓட்டை. லாகின் சமயத்துல சில கேள்விகள் கேட்டு பதில் வாங்குற வசதி அதுல உண்டு. "நான் இத்தனை பதில் அனுப்பப் போறேன்" என்று எதிர்ப்பக்கம் ஒரு எண்ணைச் சொல்லும். சர்வர் அதை பாயின்ட்டர் அளவான 4 பைட்டால பெருக்கி, அவ்வளவு மெமரி கேக்கும். இப்போ ஒரு வில்லன் 1,07,37,41,825 பதில்னு சொல்றான்னு வைங்க. நாலால பெருக்கினா 4,29,49,67,300. 32 பிட்ல சுத்தி வந்து மிஞ்சுறது வெறும் 4. சர்வர் 4 பைட் வாங்கி வச்சுக்கிட்டு, 107 கோடி பதிலை அதுல எழுத ஆரம்பிக்கும். பாஸ்வேர்டே சொல்லாத ஆளு பக்கத்து மெமரியை எல்லாம் மிதிச்சுட்டுப் போகலாம்.

3.4 வெர்ஷன்ல இதை எப்படிச் சரி பண்ணாங்க தெரியுமா? ஒரே ஒரு இஃப். பதில் எண்ணிக்கை 100-ஐத் தாண்டினா இணைப்பை அங்கேயே முடிச்சிடு. டைப்பைத் தொடவே இல்லை. லாகின் பண்ற ஒரு ஆள் நிஜத்துல எத்தனை கேள்விக்குப் பதில் சொல்வார்னு யோசிச்சு வச்ச எண் அது. 64 பிட்டுக்கு மாத்தி விட்டிருந்தா பெருக்கல் சுத்தி வந்திருக்காது, வாஸ்தவம். ஆனா அதே 107 கோடிக்கு 8 ஜிபி மெமரி கேட்டு சர்வர் வேற விதமா மூச்சு விட்டிருக்கும்.

லேப்ல ஓடுற இன்னொரு கை வைத்தியம், கூட்டிட்டுப் பாக்குறது. இரண்டு பாசிட்டிவ் எண்ணைக் கூட்டி, விடை நெகட்டிவா வந்தா எர்ரர்னு ஒரு இஃப். கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா சி மொழி விதிப்படி சைன்ட் எண்கள்ல ஓவர்ஃப்ளோ நடந்தா என்ன ஆகும்னு வரையறையே கிடையாது. அதனால ஆப்டிமைசேஷன் போட்டதும் கம்பைலர் "அப்படி நடக்கவே நடக்காது, அப்புறம் எதுக்கு இந்த இஃப்" என்று அதைத் தூக்கிடலாம். காவலுக்கு வச்ச ஆளையே வீட்டுக்கு அனுப்புற மாதிரி. மேக்ஸிமம் எண்ணுல இருந்து முதல் எண்ணைக் கழிச்சு, இரண்டாவது எண்ணுக்கு இடம் மிச்சம் இருக்கான்னு கூட்டுறதுக்கு முன்னாடியே பாக்கணும். ஜிசிசி, கிளாங் இரண்டுலயும் இதுக்கு ரெடிமேட் பங்ஷன் இருக்கு, சி23-ல ஸ்டாண்டர்டாவே வந்தாச்சு.

அதுக்காக எல்லா சுத்தலும் பிழைன்னு சொல்லிட முடியாது. நம்ம ஆரணியில தறி இருக்கிற வீட்டுப் பசங்களுக்கு இது சட்டுன்னு புரியும். ஜக்கார்டு பெட்டியில அட்டைகளைக் கோத்து மாலையாக் கட்டியிருப்பாங்க. கடைசி அட்டை முடிஞ்சதும் முதல் அட்டை திரும்ப வரும், அதனாலதான் புடவை உடம்பு முழுக்க ஒரே புட்டா வரிசையா விழுது. அந்தச் சுத்தல் வேணும்னே வச்சது. ஆனா முந்தி நெய்யற இடம் வந்த பிறகும் அட்டையை மாத்தலைன்னா? தறி ஒரு வார்த்தை கேக்காது, பாட்டுக்கு புட்டாவையே போட்டுக்கிட்டுப் போகும். எந்தச் சுத்தல் வேணும், எது வேண்டாம்னு நெய்யறவருக்குத்தான் தெரியும்.

லினக்ஸ் கர்னல்ல நடக்குற சண்டையும் இதுதான். வேணும்னே சுத்துற இடங்களைக் குறிச்சு வச்சிட்டு, மத்ததை எல்லாம் பிழையாப் பிடிக்கலாம்னு 2024-ல கீஸ் குக் சொன்னார். சுத்தல் பல இடத்துல சரியான கணக்குதான், வீண் எச்சரிக்கைதான் கொட்டும்னு லினஸ் டோர்வால்ட்ஸ் எகிறினார். நான் குக் பக்கம். கோடு எழுதினவர் மனசுல இருக்கிறது பத்து வருஷம் கழிச்சு அதைத் தொடுறவருக்கு எப்படித் தெரியும்?

அதே கர்னல்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச குறும்பு ஒண்ணு உண்டு. நேரத்தை எண்ணுற ஜிஃபீஸ் கவுண்ட்டரை பூஜ்யத்துல தொடங்க மாட்டாங்க. பூட் ஆகி 5 நிமிஷத்துல 32 பிட் சுத்தி வர்ற மாதிரி வச்சுத் தொடங்குவாங்க. சுத்தலை மறந்து எழுதின டிரைவர் அப்பவே மாட்டிக்கும். போயிங் 787-ஐ நினைச்சுப் பாருங்க, ஏர் இந்தியா 2012-ல இருந்து ஓட்டுற அதே விமானம். தொடர்ந்து 248 நாள் மின்சாரத்தை அணைக்காம விட்டா, ஜெனரேட்டர் கன்ட்ரோல் யூனிட்ல இருக்கிற கவுண்ட்டர் நிரம்பி, மின்சாரமே நிக்கலாம்னு 2015-ல அமெரிக்காவின் எஃப்ஏஏ எச்சரிச்சது. 248 நாள் காத்திருந்து யார் டெஸ்ட் பண்ணுவா?

"எல்லா இடத்துலயும் செக் போட்டா ஸ்லோ ஆயிடும்"னு சொல்றவங்களை நான் ஒதுக்கலை. 1996 ஜூன் 4 அன்னிக்கு ஏரியன் 5 ராக்கெட்டும் அந்தக் காரணத்தோடதான் கிளம்பிச்சு. பிராசஸர் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு, 7 மாறிகள்ல 4-க்கு மட்டும் பாதுகாப்பு வச்சாங்க. பாதுகாப்பில்லாத ஒண்ணு 16 பிட்டுக்குள்ள அடங்கலை. ஏரியன் 4-ன் பாதைக்கு அந்த எண் அவ்வளவு பெரிசா வராது, அந்தக் கணக்கு சரிதான். ஆனா அந்த எல்லை கோடுக்குள்ள இல்லை, ராக்கெட் மட்டும் மாறிடுச்சு. இத்தனைக்கும் பிழை உடனே பிடிபட்டது. பிடிபட்டதும் என்ன செய்யணும்னு வச்சிருந்தாங்க? கம்ப்யூட்டரை நிறுத்து. இரண்டு கம்ப்யூட்டரும் நின்னுச்சு.

அந்தக் கோடு இருந்தது இனர்ஷியல் ரெஃபரன்ஸ் சிஸ்டத்துல. சென்னை ஐஐடி-யின் சக்தி பிராசஸரை வச்சு, இஸ்ரோவோட திருவனந்தபுரம் இனர்ஷியல் சிஸ்டம்ஸ் யூனிட் சேர்ந்து செஞ்ச ஐரிஸ் சிப் 2025 பிப்ரவரில வெளிய வந்தது. சக்தி, ரிஸ்க்-ஃபைவ் வகை. அந்த வகையில இன்டிஜர் கூட்டல் எல்லை தாண்டினா கொடியும் ஏறாது, டிராப்பும் வராது. பூஜ்யத்தால வகுத்தா கூட ஒரு எண்ணைக் கொடுத்துட்டு சும்மா இருக்கும். ஹார்ட்வேரை எளிமையா வைக்க எடுத்த முடிவு அது, எனக்கு அதுல குறை இல்லை. ஆனா எல்லையைப் பாக்குற பொறுப்பு மொத்தமும் சாஃப்ட்வேர் எழுதுறவங்க தலையிலதான். நாளைக்கு அந்த மாதிரி சிப்புக்கு நம்மள்ல ஒருத்தர் கோடு எழுதலாம்.

அதனால லேப் ரெக்கார்ட்ல சின்னதா ஒரு மாற்றம் கேக்குறேன். சேம்பிள் அவுட்புட்ல 5 கொடுத்து 120 வாங்கி, ஒரு டிக் வாங்கிட்டுப் போறோம். அதுக்குக் கீழ இன்னும் இரண்டு வரி எழுதச் சொல்லணும். எந்த இன்புட் வரைக்கும் செல்லும், தாண்டினா புரோகிராம் என்ன சொல்லும். ஜிசிசி-யின் அன்டிஃபைன்ட் பிஹேவியர் சானிடைசரை ஆன் பண்ணி ஓட்டினா, எந்த வரியில எல்லை தாண்டுச்சுன்னு அதுவே காட்டிக் கொடுக்கும். வைவாவுல ஃபாக்டோரியல் புரோகிராமை மனப்பாடமாச் சொல்லச் சொல்றதுக்குப் பதிலா, "12-க்கு மேல கொடுத்தா?" என்று மட்டும் கேளுங்க சார்.