பாரை மாத்துங்க, பிரேக்கைக் கழட்டாதீங்க!



நம்ம சைக்கிள் ஸ்டாண்டுல ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. பழைய வளைஞ்ச ஹேண்டில் பாரைக் கழட்டிட்டு நேரான பார் போட்ட சைக்கிள்கள் எத்தனை! பார்க்க ஜோராத்தான் இருக்கு. ஆனால் அதில் பலதுக்கு முன் பிரேக்கே இல்லை.

காரணம் இதுதான். பழைய மாடல் சைக்கிளில் இருப்பது ராடு பிரேக். அதன் பிடி ஹேண்டில் பாரோடு சேர்ந்தே இருக்கும். பாரை மாத்தினால் ராடும் போச்சு. அப்புறம் பின் சக்கரத்துக்கு மட்டும் ஒரு கேபிள் பிரேக் மாட்டிட்டு, "இது போதும்"னு விட்டுடறாங்க.

போதாது. பிரேக் பிடிக்கும்போது நம்ம எடை முன்பக்கம் சாயும். முன் சக்கரம் தரையை அழுத்தும், பின் சக்கரம் லேசாகிடும். அதனால் பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் சக்கரம் சறுக்கும், வண்டி நிற்காது. ரெண்டு பிரேக்கும் இருந்தால் நிற்கும் தூரத்தைப் போல ஏறக்குறைய இருமடங்கு ஓடித்தான் நிற்கும். பெரியாறு கால்வாய்க் கரையில் ஓடினால் பரவாயில்லை. ஒத்தக்கடை நான்குவழிச் சாலையில் லாரிக்கு முன்னால் ஓடினால்?

இதைச் சொன்னால் அண்ணன்மார், "பைக்கில் இருக்கிற மாதிரி ஆயில் டிஸ்க் பிரேக்கே வீட்டில் மாட்டப் போறோம்" என்கிறார்கள். அது நல்ல பிரேக்தான், நான் குறை சொல்லலை. நாம் படிக்கிற பாஸ்கல் விதிதான் அது. பிடியை அழுத்தினால் குழாயில் உள்ள ஆயில் அந்த அழுத்தத்தை அப்படியே சக்கரத்துக்குக் கொண்டு போகும். மழையில் நனைஞ்ச இரும்பு ரிம்மை ரப்பர் கட்டை பிடிப்பதைவிட அது நல்லாப் பிடிக்கும். ஆனால் தட்டை மாட்ட அதற்கான ஹப் வேணும், காலிப்பரை மாட்ட ஃபோர்க்கில் இடம் வேணும். நம்ம சைக்கிளில் ரெண்டும் கிடையாது. குழாயில் காற்று புகுந்தால் பிடி பொசுக்குனு உள்ளே போயிடும். ஆயிலிலும் ரெண்டு வகை இருக்கு, மாத்தி ஊத்தினால் உள்ளே இருக்கிற ரப்பர் கெட்டுடும். வீட்டுத் திண்ணையில் செய்கிற வேலையா இது?

எனக்குக் கோபம் வேற இடத்தில். அண்ணன் ஸ்டைலாக்கின சைக்கிள் அடுத்து வருவது தங்கச்சிக்குத்தான்! அவள் ஒரு தடவை விழுந்தால் போதும், "பொம்பளப் புள்ளைக்கு சைக்கிள் வேணாம்" என்பார்கள் வீட்டில். அண்ணன் விழுந்தால் அப்படிச் சொல்வதில்லை. பிளஸ் ஒன்னில் அரசாங்கம் தரும் விலையில்லா சைக்கிள் 2001-02ல் முதலில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்குத்தான் வந்தது. பொண்ணுங்க படிப்பை நிறுத்தக் கூடாதுன்னு வந்த சைக்கிளில் பிரேக் இல்லாமல் போகலாமா?

நேரான பார் வேணும்னா போடுங்க. கூடவே முன்னாடியும் பின்னாடியும் கேபிள் பிரேக் போடுங்க, பஞ்சர் கடையிலேயே மாட்டித் தருவாங்க. தேய்ஞ்ச பிரேக் கட்டையை மாத்துங்க. பி.டி. சார் அனுமதி கொடுத்தால் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நாங்க நாலு பேர் ஸ்டாண்டில் ஸ்பேனரோடு நிற்போம். தங்கச்சி சைக்கிளை முதலில் கொண்டு வாங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி