தூய்மையான மின்சாரமும் துரத்தப்பட்ட மக்களும்

2006ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில் இலங்கை அரசும் இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல் மின் கழகமும் ஓர் உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. திருகோணமலை மாவட்டத்தில் 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் அமைப்பதற்கான உடன்படிக்கை அது. அன்றிரவு செய்தி மேசையில் இருந்தவன் நான். மெகாவாட் கணக்கைத் தலைப்பில் பெரிதாகப் போட்டேன். இரு நாட்டு நட்புறவைப் புகழ்ந்து ஒரு பந்தியும் சேர்த்தேன். அந்த ஆண்டுதான் மூதூர் கிழக்கு மக்கள் குண்டுவீச்சுக்கும் எறிகணைக்கும் அஞ்சி ஊரைவிட்டு ஓடினார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் காணி யாருடையது என்ற கேள்வி என் செய்தியில் இருக்கவில்லை.

பின்னாளில் கிளிவெட்டி முகாமுக்குப் போயிருந்தேன். தகரக் கொட்டிலின் வாசலில், குப்பி விளக்கின் வெளிச்சத்தில் இருந்த சம்பூர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, எங்கட காணியில கரண்ட் எடுக்கப் போயினமாம். எங்களுக்கு அதில ஒரு விளக்காவது தருவினமோ?" என்னிடம் பதில் இருக்கவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் இல்லை. எரிசக்தித் துறையின் 'கூட்டுறவு' பற்றி யார் மேடையேறிப் பேசினாலும் அந்தப் பெரியவரின் குரலே என் காதில் விழுகிறது.

தூய தொழில்நுட்பம், உமிழ்வுக் குறைப்பு, பங்காளித்துவம்: இந்தச் சொற்களைக் கடந்த இருபது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறோம். 2005 ஜூலையில் வியஞ்சானில் ஒரு கூட்டணி அறிவிக்கப்பட்டது. அமெரிக்கா, அவுஸ்திரேலியா, ஜப்பான், தென்கொரியா, சீனா, இந்தியா ஆகிய ஆறு நாடுகள் சேர்ந்து தூய அபிவிருத்திக்கான ஆசிய பசிபிக் பங்காளித்துவத்தை உருவாக்கின. 2007இல் கனடாவும் சேர்ந்தது. கட்டாய இலக்கு எதுவும் கிடையாது. தொழில்நுட்பத்தைப் பகிர்ந்துகொண்டால் போதும் என்றார்கள். கியோட்டோ உடன்படிக்கையை அப்போது ஏற்க மறுத்திருந்த அமெரிக்காவும் அவுஸ்திரேலியாவும் அதன் முன்வரிசையில் நின்றதே அதன் நோக்கத்தைச் சொல்லப் போதுமானது. 2011இல் அந்தக் கூட்டணி சத்தமின்றி முடிவுக்கு வந்தது. அந்த ஆண்டுகளில் ஆசியாவின் நிலக்கரிப் பாவனை குறைந்ததா? பெருகியது.

அதே காலத்தில் 'தூய நிலக்கரி' என்றொரு மந்திரமும் ஓதப்பட்டது. 2003இல் அமெரிக்கா ஃபியூச்சர்ஜென் என்ற திட்டத்தை அறிவித்தது. அரசும் நிலக்கரிக் கம்பனிகளும் கூட்டாக நடத்தும் புகையில்லா மின் நிலையம் என்றார்கள். 2008இல் அது கைவிடப்பட்டது. 2010இல் மறுபடி உயிர் பெற்றது. 2015இல் மீண்டும் கைவிடப்பட்டது. மிசிசிப்பியின் கெம்பர் நிலையம் சுமார் 750 கோடி டொலரை விழுங்கியது. 2017இல் நிலக்கரியை வாயுவாக்கும் முயற்சி அங்கே நிறுத்தப்பட, அது சாதாரண இயற்கை வாயு நிலையமாயிற்று. கனடாவில் 2014இல் இயங்கத் தொடங்கிய பவுண்டரி டாம் நிலையம் காபனீரொட்சைட்டைப் பிடிக்கிறது, உண்மைதான். பிடித்ததில் பெரும்பகுதி எங்கே போகிறது? பழைய எண்ணெய்க் கிணறுகளுக்குள் செலுத்தி மேலும் எண்ணெய் எடுப்பதற்கு!

2023 டிசம்பரில் டுபாய் காலநிலை மாநாட்டில் 50 எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் ஒரு சாசனத்தில் ஒப்பமிட்டன. 2050க்குள் தமது செயற்பாடுகளின் உமிழ்வை நிகர பூச்சியமாக்குவோம் என்றன. 'தமது செயற்பாடுகள்' என்ற சொற்களைக் கவனியுங்கள். கிணற்றிலும் சுத்திகரிப்பு ஆலையிலும் வெளியேறும் புகை மட்டுமே கணக்கு. அவர்கள் விற்கும் எண்ணெய் எரியும்போது வரும் புகை, அதாவது மொத்தத்தின் பெரும்பகுதி, கணக்கில் இல்லை. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்.

உலகத்தை விடுவோம், நம் முற்றத்துக்கு வருவோம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளிலும் டீசல் இயந்திரங்களுக்குப் பதிலாகச் சூரிய, காற்று மின்சாரம் தருவதற்கு 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனம் தெரிவாயிற்று. இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் திட்டம் நிறுத்தப்பட்டது. 2022இல் இந்தியா நன்கொடையாகத் தருவதாக உடன்பட்டது. 2024 மார்ச்சில் இந்திய நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் ஆனது. சில ஆயிரம் மக்களின் விளக்குக்காக இரண்டு வல்லரசுகள் மல்லுக்கட்டிய அந்த மூன்று ஆண்டுகளில், தீவு மக்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்டதாக நான் அறியேன்.

சம்பூருக்குத் திரும்புவோம். 2007இல் அது உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2011இல் மின்சார சபையும் இந்தியக் கழகமும் சரிபாதிப் பங்குடன் கூட்டுக் கம்பனி அமைத்தன. 2015இன் ஆட்சி மாற்றத்தின் பின்னரே மக்கள் படிப்படியாக மீளக் குடியேறினர். 2016 செப்டெம்பரில், சம்பூரில் நிலக்கரி மின் நிலையம் அமைக்கப்படாது என்று அரசு உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது. கொட்டியாரக் குடாவின் கடற்றொழிலாளர்களுக்கும் சூழலியலாளர்களுக்கும் அது பெரிய வெற்றி. நிலக்கரி போனால் காணி திரும்பும் என்று நம்பியவர்களும் உண்டு. ஆனால் 2025 ஏப்ரல் 5ஆம் திகதி, கொழும்பில் இருந்தபடியே, அதே கூட்டுக் கம்பனியின் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்தை இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் தொடக்கிவைத்தார்கள். நிலக்கரி சூரியனாயிற்று. காணியின் கதையில் மாற்றமில்லை.

"அபிவிருத்திக்கு எதிராக எழுதுகிறீர்" என்று சிலர் கடிதம் எழுதுவார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: நான் சூரியனின் பக்கம். நுரைச்சோலையில் சீனக் கடனில் எழுந்த 900 மெகாவாட் நிலக்கரி நிலையத்தின் சாம்பலோடு வாழும் மக்களைப் பார்த்தவன், சம்பூரில் இன்னொன்று வேண்டுமென்று சொல்லமாட்டான். மறுபுறம், வெளியார் திட்டம் எதுவுமே எம் மண்ணில் வேண்டாம் என்ற கூச்சலிலும் எனக்கு உடன்பாடில்லை. வடக்கின் காற்றும் கிழக்கின் வெயிலும் எமது செல்வங்கள், பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் ஏன் காற்றாலைகளுக்கு எதிராக வீதிக்கு இறங்கினார்கள்? காற்றின்மேல் கோபமா? தம்மைக் கேளாமல் தம் மண்ணில் தூண் நடுவோர்மேல் கோபம்.

கூட்டுறவு எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு உதாரணமும் இருக்கிறது. கொப்பன்ஹேகன் கரையோரத்தில் 2000ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மிடில்குருண்டன் காற்றாலைத் தொகுதி 40 மெகாவாட். அதன் 20 காற்றாலைகளில் பாதி, எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் பங்கு வாங்கிய கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமாக அமைந்தது. டென்மார்க்கின் மீனவனுக்கும் ஆசிரியைக்கும் முடிந்தது, சம்பூர்க்காரனுக்கும் மன்னார்க்காரிக்கும் ஏன் முடியாது?

எனவே நான் கேட்பது மூன்று. ஒப்பந்தங்கள் கைச்சாத்திடப்படுமுன் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் முன் வைக்கப்படவேண்டும். காணியைப் பறிக்காமல், உரியவரிடம் குத்தகைக்கு எடுக்கவேண்டும். விற்கும் மின்சாரத்தின் வருமானத்தில் ஒரு பங்கு அந்த ஊருக்கே சேரவேண்டும். புலம்பெயர்ந்த உறவுகள் முதலீடு பற்றிப் பேசும்போதும் முதலில் இந்த மூன்றையும் கேட்கட்டும். இல்லாவிட்டால் அவர்களின் பணமும் இன்னொரு வேலிக் கம்பியாகிவிடும்.

சம்பூர்த் திட்டத்தின் செய்தி வந்த அன்று, இப்போது செய்தி மேசையில் இருக்கும் இளைஞர் ஒருவரிடம் பேசினேன். "தலைப்பில் மெகாவாட்டைப் போடுங்கள், தவறில்லை. ஆனால் முதற் பந்தியில் காணிக்காரரை எழுதுங்கள்" என்றேன். 2006இல் நான் செய்யத் தவறியது அதுதான்.