பாட்டர்ஸி மாளிகைகளும் ஏழையின் வீடும்

லண்டன் மாநகரில் தேம்ஸ் நதியின் தென்கரையில், நான்கு வெண்ணிறப் புகைபோக்கிகளுடன் நிற்கும் பாட்டர்ஸி மின்சார நிலையத்தைப் படத்திலேனும் பாராத நேயர்கள் சிலரே இருப்பர். 1930-களில் எழும்பி, 1983-ல் வேலை நின்று, பின்னர் கூரையும் பெயர்க்கப்பட்டு வெகுகாலம் பாழ்பட்டுக் கிடந்த அக்கட்டிடத்தை, 2012-ம் வருஷத்தில் மலேசிய முதலாளிகள் 40 கோடி பவுன் கொடுத்து வாங்கினார்கள். அதைச் சூழ்ந்த 42 ஏக்கர் நிலத்தில் அடுக்கு மாளிகைகளும், காரியாலயங்களும், கடைகளும் எழும்பலாயின. 2022-ம் வருஷம் அக்டோபரில் பழைய நிலையமும் ஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அங்கிருந்து கிழக்கே வாக்ஸால் வரையில் நதியோரமெங்கும் இப்போது கோபுரங்களே. அவற்றுள் ஒன்று 50 மாடி.

வாங்கியவர்கள் யாவர் என்பது தமிழர் கவனிக்கத் தக்கது. எஸ்.பி. ஸெட்டியா, ஸைம் டார்பி என்ற இரண்டு கம்பெனிகளும், மலேசியாவின் ஊழியர் சேமநிதி ஸ்தாபனமும் அதில் கூட்டாளிகள். ஸைம் டார்பி என்பது 1910-ல் மலாக்காவில் வெள்ளையர் ரப்பர் வியாபாரத்துக்காகத் தொடங்கிய கம்பெனி. மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டினவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். சேமநிதியிலோ, மாதந்தோறும் கூலியில் பிடிக்கப்படும் தொழிலாளியின் காசு இருக்கிறது. நேற்று ஆண்டவனுடைய தலைநகரில், அவனுடைய ஊருக்கே விளக்கேற்றிய மாளிகையை, ஆளப்பட்டவன் விலைக்கு வாங்கிவிட்டான் என்று மார்தட்டுவோர் உண்டு. அச்செய்தி கேட்டபோது நமக்கும் ஒரு சிறு சந்தோஷம் உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்? ஆனால் 2017-ம் வருஷத்தில் நடந்த காரியம் அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்துவிட்டது.

நதிக்கரையில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் கட்டுவதாகவும், அவற்றுள் 636 வீடுகளை எளியவர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையிலும் விலையிலும் தருவதாகவும் முன்பு ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. நூற்றுக்குப் பதினைந்து என்பதே சொற்பந்தான். அவ்வருஷத்தில் முதலாளிகள் வாண்ட்ஸ்வொர்த் நகர சபையினிடம் சென்று, செலவு ஏறிவிட்டது, லாபம் குறைகிறது, ஆகையால் 386 வீடுகளே தர முடியும் என்றார்கள். ஜூலை மாதத்தில் நகர சபையும் சம்மதித்தது. பதினைந்து ஒன்பதாயிற்று. மீதி 250 வீடுகள், பிற்காலத்தில் கணக்குப் பார்த்து லாபம் இடங்கொடுத்தால் கிடைக்கலாமாம்!

முதலாளிகள் கூறுவது முழுப் பொய்யென்று நாம் சொல்லவில்லை. அப்பழங்கட்டிடத்தைச் செப்பனிடுவது லேசான வேலையன்று; நான்கு புகைபோக்கிகளையும் இறக்கிவிட்டுப் புதிதாகவே கட்ட வேண்டியிருந்தது. ஆனால் வியாபாரத்தில் லாபநஷ்டம் வியாபாரியைச் சேர்ந்தது. மதிப்பிட்டதற்குமேல் லாபம் வந்திருந்தால், தாமாகவே நகர சபைக்கு ஓடி, எளியவர்களுக்கு இன்னும் இருநூறு வீடு கட்டுகிறோம் என்று சொல்லியிருப்பார்களா? நஷ்டம் வரும்போது மட்டும் ஏழையைக் கூட்டாளியாக்கிக்கொள்வது என்ன நியாயம்?

பொதுஜனங்களின் உதவியும் அங்கே கொஞ்சமன்று. அப்பேட்டைக்குச் சுரங்க ரயில் பாதையை நீட்டுவதற்குச் சுமார் 110 கோடி பவுன் செலவாயிற்று. அதற்காக லண்டன் நகர அதிகாரம் பெருங்கடன் வாங்கியது. பிரிட்டிஷ் சர்க்கார் ஜாமீன் நின்றார்கள். கட்டிட முதலாளிகளும் ஒரு பங்கு கொடுத்தார்கள் என்பது மெய்யே. எனினும், 2021-ம் வருஷம் செப்டம்பரில் ரயில் ஓடத் தொடங்கியதனால் பயன்பெற்ற நிலம் யாருடையது? அந்தப் பயனில் எளியவர்களுக்குச் சேரவேண்டிய பங்கையே 2017-ல் குறைத்தார்கள். அவர்களுக்கென்று கட்டிய 386 வீடுகளும் நதிமுகத்தில் இல்லை. பெரிய ரஸ்தாவைக் கடந்து அப்பால், ஸ்லீபோர்ட் வீதியோரத்தில் இருக்கின்றன.

இதில் நகர சபையை மட்டும் நோவதிற் பயனில்லை. 2012-ல் இங்கிலாந்தில் ஏற்பட்ட கட்டிட விதிகள், நிலச் சொந்தக்காரனுக்கும் கட்டுகிறவனுக்கும் தக்க லாபம் நிற்க வேண்டுமென்பதை ஒரு நிபந்தனையாகவே வைத்தன. லாபக் கணக்குகளை ஜனங்கள் பார்க்க வேண்டுமென்ற விதியே 2018-ல்தான் வந்தது. அப்போதும், நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை லாபம் தகும் என்றே சர்க்கார் குறித்துவைத்தார்கள். வீடுகளின் தொகை பின்னால் குறையக்கூடும் என்று தெரிந்தால், நிலத்தை ஏலம் கேட்கிறவன் அதை எண்ணியே விலையை ஏற்றிக் கேட்கிறான். நிலத்துக்கு அதிகம் கொடுத்துவிட்டோம், ஆகவே ஏழைக்குக் கொடுக்க ஒன்றுமில்லை என்று பிறகு கணக்குக் காட்டுகிறான். தொகை மாறாது என்று முதலிலேயே உறுதிப்பட்டிருக்குமாயின், நிலத்தின் விலையே அதற்குத் தக்கபடி இறங்கியிருக்கும். குறைவு நிலத்தை விற்றவன் தலையில் விழுந்திருக்கும். ஆகவே ஏழைகளின் வீடுகளுக்குத் தொகை குறித்தபின் அது மாறக்கூடாதென்றும், மாளிகைகளில் முதற் பகுதியினர் குடிபுகுமுன் அவ்வீடுகள் கட்டிமுடிய வேண்டுமென்றும் எந்த நதிக்கரை நகரமும் தன் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

சேமநிதியின் லாபம் தொழிலாளிகளின் லாபமல்லவா, அதைக் குறைக்கச் சொல்வது நம்மவர்களுக்கே துரோகமல்லவா என்று ஒரு நண்பர் நம்மைக் கேட்டார். கேள்வி நல்ல கேள்விதான். மலேசியாவில் ரப்பர்த் தோட்டங்கள் புதுநகரங்களாகவும் பங்களாப் பேட்டைகளாகவும் மாறிய காலத்தில், லயத்து வீடுகளை விட்டு மூட்டை முடிச்சுடன் வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. அவர்களுக்கும் வீடு தருவதாகச் சொன்னவர்கள் உண்டு. தந்தவர்களும் உண்டு, தராதவர்களும் உண்டு. அந்தக் குடும்பங்களில் ஒன்றை அழைத்து, உங்கள் சேமிப்பில் சில காசு கூடுவதற்காக லண்டனில் உங்களைப்போன்ற 250 குடும்பங்களின் வீட்டை நிறுத்திவைக்கலாமா என்று கேட்டால் என்ன பதில் வருமென்று நண்பரே யோசித்துக்கொள்ளட்டும். பாட்டர்ஸியை வாங்கும்போதும் அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. வீடுகளைக் குறைக்கும்போதும் கேட்கவில்லை.